கொங்கு நாட்டில் நிலத்தடி நீரை ஆராயப் புகுவோருக்கு

நிலத்தடி நீரில் முனைவர் பட்ட ஆய்வு செய்ய விரும்புவோர் பெரும்பாலும் முதலில் பல்கலைக்கழகத்தையும், அடுத்து நெறியாளரையும், கடைசியாகத் தலைப்பையும் தேடுகிறார்கள். கொங்கு நாட்டில் ஆய்வு செய்வதானால் இந்த வரிசையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்வது நல்லது. ஜூலையில் பதிவு செய்து, பாடவேலைகளை முடித்து, கருவி வாங்க விண்ணப்பம் போட்டு, ஜனவரியில் முதல் முறையாகத் தோட்டத்துக் கிணற்றை எட்டிப் பார்க்கும் மாணவர், அந்த ஆண்டின் கோடைத் தாழ்மட்டத்தையும் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிந்தைய ஏற்றத்தையும் ஒருசேரத் தவறவிட்டிருப்பார். நீர்மட்ட ஆய்வில் அந்த இரண்டு அளவுகளே முதுகெலும்பு. எனவே சேர்க்கைக்கு விண்ணப்பிக்கும் காலத்திலேயே ஒரு சிற்றோடைப் பள்ளத்தைத் தேர்ந்து, அங்குள்ள கிணறுகள் சிலவற்றை மாதம் ஒருமுறை அளக்கத் தொடங்கிவிட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் முதன்மையான அறிவுரை. மற்றவை எல்லாம் அதைச் சுற்றி அமைபவை.

பாறையைப் படிப்பது

கொங்கு நாட்டின் அடித்தளம் பழம்பாறை. நைஸ், சார்னோகைட், இடையிடையே கிரானைட், பெக்மடைட் என்னும் கெட்டிப் பாறைகள்தான் கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல், சேலம் மாவட்டங்களின் பெரும்பகுதியைத் தாங்கி நிற்கின்றன. காங்கேயத்தை அடுத்த சிவன்மலையில் நெபிலீன் சயனைட்டும், நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டியில் அனார்த்தோசைட்டும், சேலத்தில் மேக்னசைட்டும், மதுக்கரையில் சுண்ணாம்புக்கல்லும் என, ஒரு பேருந்துப் பயண தூரத்துக்குள் பாறை பலமுறை மாறிவிடும். பாலக்காடு தொடங்கிக் காவிரி வரை நீளும் பெரும் பிளவு மண்டலம் ஒன்றும் இந்நிலத்தினூடே கிழக்கு மேற்காக ஓடுகிறது. பாறை உடைந்து நொறுங்கிய இடங்கள் அதனால்தான் இங்கு இவ்வளவு அதிகம். டோலரைட் பாறை சுவர்போல ஊடுருவி நிற்கும் இடங்களும் உண்டு. இந்தச் சுவர்கள் நீரோட்டத்தை மறிப்பதுண்டு. ஒரே தோட்டத்தில் வரப்புக்கு இந்தப் பக்கம் தண்ணீர் இருந்து அந்தப் பக்கம் போர் போட்டதில் தண்ணீரின்றி வெறும் பாறைத்தூள் புகை வந்ததற்கு, மந்திரமோ அதிர்ஷ்டமோ தேடும் முன், இப்படி ஒரு சுவர் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

இத்தகைய பாறையில் நீர் இரண்டு இடங்களில்தான் தங்கும். மேலே சிதைந்து மக்கிய பகுதியில் கொஞ்சம்; அதற்குக் கீழே, ரிக் வண்டிக்காரர்கள் 'கேப்' என்று சொல்லும் விரிசல்களில் இன்னும் கொஞ்சம். முன்னது வெட்டுக்கிணற்றுக்கு உரியது. பின்னது ஆழ்துளைக் கிணற்றுக்கு. தஞ்சை வண்டல் மண்ணுக்கு எழுதப்பட்ட கணக்குகளை அப்படியே கொண்டுவந்து இங்கே போட்டால் விடை பல மடங்கு பிசகும். ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். மக்கிய நைஸ் பாறையிலிருந்து வடித்தெடுக்கக்கூடிய நீர் அதன் பருமனில் 1.5 விழுக்காடு என்று கொண்டால், கிணறுகளில் நீர்மட்டம் 3 மீட்டர் ஏறியதும் நிலத்துக்குள் சேர்ந்திருப்பது வெறும் 45 மி.மீ. நீரே. ஏக்கருக்கு ஏறத்தாழ 1.8 லட்சம் லிட்டர். பத்தடி ஏறிவிட்டது என்று ஊரே மகிழும்போது ஆய்வாளர் இந்தக் கணக்கை மனத்தில் போட்டுப் பார்க்கப் பழக வேண்டும். அதே மூன்று மீட்டர் சில வாரங்களில் ஏன் இறங்கிவிடுகிறது என்பதும் அப்போதே விளங்கும்.

மழையும் அப்படித்தான். பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று நுழைவதால் பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத்துக்கு ஆடிச் சாரல் உண்டு. வால்பாறை மலையில் 3,000 மி.மீ.க்கும் மேல் பெய்யும் இடங்கள் உள்ளன. அங்கிருந்து கிழக்கே இறங்கிப் பல்லடம், காங்கேயம், தாராபுரம் வந்தால் ஆண்டு முழுவதும் பெய்வது 600, 700 மி.மீ. அளவுதான், அதிலும் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில். ஆகவே 'கோவை மாவட்ட மழையளவு' என்ற ஒற்றை எண்ணை வைத்து எந்தக் கணக்கும் போடக் கூடாது. தேர்ந்தெடுத்த பள்ளத்திலேயே ஒரு மழைமானியை நட்டு, காலை எட்டரை மணிக்கு அளவெடுக்கப் பக்கத்துப் பள்ளிக்கூடத்து ஆசிரியரையோ பால் சொசைட்டிக்காரரையோ கேட்டுக்கொள்வது உத்தமம்.

கேள்வியைச் சிறுக்கிக்கொள்வது

'கோவை மாவட்டத்தின் நிலத்தடி நீர்த் தரமும் அளவும்' போன்ற தலைப்புகளில் ஆய்வேடுகள் போதுமான அளவு வந்துவிட்டன. நூறு கிணற்றில் ஒருமுறை நீர் எடுத்து, அயனிகளை அளந்து, அயனிகளின் விகிதத்தைக் காட்டும் பைப்பர் முக்கோணத்தில் புள்ளி வைத்து, வண்ண வண்ண வரைபடம் தீட்டி முடிப்பது ஓர் ஆய்வறிக்கை ஆகலாம்; அதில் கேள்வி எங்கே இருக்கிறது என்று வாய்மொழித் தேர்வில் கேட்டால் விடை சொல்வது கடினம். நல்ல கேள்வி ஒன்றுக்கு 'ஏன்' அல்லது 'எவ்வளவு' என்ற சொல் வேண்டும். ஆம், இல்லை என இரண்டு பக்கமும் விடை வர இடம் வேண்டும். மூன்று நான்கு ஆண்டுகளில் இரு மழைக்காலங்களுக்குக் குறையாமல் அளந்து தீர்க்கக்கூடியதாகவும் அது இருக்க வேண்டும்.

கொங்கு நாட்டில் இப்படிப்பட்ட கேள்விகளுக்குப் பஞ்சமே இல்லை. 2024 ஆகஸ்டில் பயன்பாட்டுக்கு வந்த அத்திக்கடவு–அவிநாசித் திட்டம், காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழிருந்து பவானியின் உபரிநீர் ஒன்றரை டி.எம்.சி.யை ஏற்றி, ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகளுக்குக் கொடுப்பதற்கென அமைந்தது. குளம் நிறைந்தால் சுற்றுவட்டக் கிணறு ஊறும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. எவ்வளவு தூரம் வரை ஊறும், எத்தனை நாளில் ஊறும், குளத்தின் அடியில் படிந்த வண்டல் அதை எவ்வளவு தடுக்கிறது, வெட்டுக்கிணறு ஊறும்போது அறுநூறு அடி போர் ஊறுகிறதா என்பவை அளந்தால்தான் தெரியும். திட்டத்தில் சேர்ந்த ஒரு குளத்தையும், அதே பாறையில் அருகே சேராமல் விட்டுப்போன ஒரு குளத்தையும் இணையாக எடுத்துக்கொண்டால் நேர்த்தியான ஆய்வு ஒன்று உருவாகிவிடும். விட்டுப்போன குளம் இல்லாமல், நிறைந்த குளத்தை மட்டும் அளப்பவர் மழையின் பங்கையும் குழாய்நீரின் பங்கையும் பிரித்துச் சொல்ல முடியாது.

கீழ்பவானி வாய்க்கால் இன்னொன்று. பவானிசாகரிலிருந்து சுமார் 200 கி.மீ. ஓடி, 2.07 லட்சம் ஏக்கருக்குப் பாயும் இந்த மண் வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடுவதா வேண்டாமா என்று பாசன விவசாயிகளே இரண்டு பட்டு நின்றதை நாடறியும். கடைமடைக்காரர் கசிவை இழப்பு என்கிறார். வாய்க்காலை ஒட்டிக் கிணறு வைத்திருப்பவர் அதே கசிவைத் தன் தோட்டத்தின் உயிர் என்கிறார். ஆய்வாளர் இவ்வழக்கில் எந்தப் பக்கமும் நிற்க வேண்டியதில்லை. நீர் திறந்த நாளிலிருந்து கிணறுகள் ஏறும் வேகத்தையும், வாய்க்காலுக்கு மேல்புறமும் கீழ்புறமும் உள்ள வேறுபாட்டையும் அளந்து கசிவின் அளவைச் சொன்னாலே பெரும்பணி. ஆகஸ்ட் நடுவில் முதல் போகத் திறப்பு வருவது வழக்கமாதலால், அதற்குமுன் அடிப்படை அளவு எடுத்திருக்க வேண்டும்.

நொய்யல் பக்கம் போவோர்க்கு வரலாறே ஓர் ஆய்வுக்களம். 1992இல் முடிந்த ஒரத்துப்பாளையம் அணை பாசனநீரைத் தேக்குவதற்குப் பதிலாகத் திருப்பூர்ச் சாயக்கழிவைத் தேக்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட ஆணையிட்டதும், அதன்பின் கழிவுநீரை வெளியே விடாத முறைக்கு ஆலைகள் மாற வேண்டியிருந்ததும் பலர் அறிந்தவை. அப்போது பாறைக்குள் இறங்கிய உப்பு இன்று எங்கே இருக்கிறது? மேல் மண்டலத்தைப் புதுமழை கழுவிவிட்டு ஆழ விரிசல்களில் பழைய உப்பு நிற்கிறதா, அல்லது போர் போட்டு இழுத்ததால் இரண்டும் கலந்துவிட்டனவா? பொள்ளாச்சி, காங்கேயம் பக்கத்தில் தென்னை நார்த்துகளை அலசும் களங்களைச் சுற்றி உப்பேறும் கிணறுகளும், நாமக்கல் கோழிப்பண்ணைப் பகுதிகளின் நைட்ரேட்டும், சேலம், நாமக்கல் பாறைகளின் ஃபுளோரைடும் இதே வரிசையில் வருபவை. ஏதேனும் ஒன்றைத் தேர்ந்து, மற்றவற்றின்மேல் உள்ள ஆசையை விட்டுவிட வேண்டும்.

பதிவு, இடம், உதவித்தொகை

இப்பகுதியைச் சுருக்கமாகவே சொல்லலாம். விதிகள் அவ்வப்போது மாறுபவை, அறிவிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 ஒழுங்குமுறைப்படி முதுநிலையில் 55 விழுக்காடு பெற்றவரும், நான்காண்டு இளநிலையில் 75 விழுக்காடு பெற்றவரும் விண்ணப்பிக்கலாம். குறைந்தது மூன்றாண்டு, கூடியது ஆறாண்டு. நிலவியல் படித்தவர்கள் சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் புவி அறிவியல் தாளையும், கேட் தேர்வில் நிலவியல் தாளையும் எழுதுவர். குடிசார் பொறியியல், வேளாண் பொறியியல், சுற்றுச்சூழல் வழியாக வருவோர்க்குத் தனித்தனிக் கேட் தாள்கள் உண்டு. இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். இரண்டாண்டுக்குப் பின் 42,000. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தில் வேலைக்குப் போவதுதான் இலக்கு என்றால் முனைவர் பட்டம் கட்டாயமில்லை, யு.பி.எஸ்.சி. நடத்தும் புவி அறிவியலாளர் தேர்வை முதுநிலைப் பட்டத்தோடே எழுதலாம் என்பதை முதலிலேயே எண்ணிப் பார்த்துக்கொள்வது பல ஆண்டுகளை மிச்சப்படுத்தும்.

கொங்கு நாட்டுக்குள்ளேயே சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தில் நிலவியல் துறையும், கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் நீர் நுட்ப மையமும், பாரதியார் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் அறிவியல் துறையும் உள்ளன. வெளியே, கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்தின் நீர்வள மையம், சென்னை ஐ.ஐ.டி., ஐதராபாத்தின் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம் ஆகியவை கெட்டிப் பாறை நீரியலில் நெடுநாள் அனுபவம் கொண்டவை. நிறுவனப் பெயரைவிட நெறியாளர் முக்கியம். நெறியாளரைவிட அவரிடம் இப்போது படித்துக்கொண்டிருக்கும் மாணவர்கள் சொல்வது முக்கியம். களத்துக்கு வண்டி கிடைக்குமா, அயனிப் பகுப்பாய்வுக் கருவி துறையிலேயே இருக்கிறதா அல்லது மாதிரிக்கு இவ்வளவு என்று வெளியே கட்டணம் கட்ட வேண்டுமா, நெறியாளர் கடைசியாகக் கிணற்றடிக்கு வந்தது எப்போது என்று அந்த மாணவர்களிடம் டீக்கடையில் உட்கார்ந்து கேட்டுவிடுவது நல்லது. கருவியில்லாத துறையில் சேர்ந்தவர்கள், பகுப்பாய்வுச் செலவுக்கு அஞ்சி மாதிரி எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளும் நிலை வரும். பிறகு புள்ளியியல் எதையும் தாங்காது.

ஏற்கெனவே இருப்பதைத் தேடுவது

சொந்தமாக அளப்பதற்கு முன், அரசு அளந்து வைத்ததை வாங்க வேண்டும். மத்திய நிலத்தடி நீர் வாரியம் தன் கண்காணிப்புக் கிணறுகளை ஆண்டுக்கு நான்கு முறை, அதாவது ஜனவரி, கோடை, ஆகஸ்ட், நவம்பர் என அளக்கிறது. தரமணியில் உள்ள மாநில நிலம் மற்றும் மேற்பரப்பு நீர்வள ஆதார விவரக் குறிப்பு மையத்திடமும், குடிநீர் வடிகால் வாரியத்திடமும் நீண்டகால அளவுகள் உண்டு. நீர்வள மதிப்பீட்டைத் தமிழ்நாட்டில் பிர்கா (வருவாய்க் குறுவட்டம்) வாரியாகச் செய்கிறார்கள்: ஆண்டில் எடுக்கத்தக்க நீரில் 70 விழுக்காடு வரை எடுத்தால் பாதுகாப்பானது, 90 வரை ஓரளவு நெருக்கடி, 100 வரை நெருக்கடி, அதற்கு மேல் மிகை நுகர்வு. கொங்கு மாவட்டங்களில் கடைசி வகைப் பிர்காக்கள் நிறையவே உள்ளன.

இந்த எண்களைக் கையாளும்போது இரண்டு எச்சரிக்கைகள் தேவை. உழவுக்கான மின்சாரம் பல பத்தாண்டுகளாக இலவசம். பெரும்பாலான மோட்டார்களுக்கு மீட்டர் கிடையாது. ஆகவே 'எடுத்த நீர்' என்று அட்டவணையில் இருப்பது அளந்ததாக இருக்க வாய்ப்பு குறைவு. கிணற்று எண்ணிக்கை, பயிர்ப் பரப்பு ஆகியவற்றிலிருந்து கணித்ததாகவே இருக்கும். அடுத்தது, அரசின் நெடுங்கணக்கில் கோடையில் கிணறு வற்றிய ஆண்டுகளில் அந்தக் கட்டம் வெறுமையாக இருக்கும். வெறுமையை விட்டுவிட்டுச் சராசரி எடுத்தால் வறட்சியே நடக்காததுபோல் நீர்மட்டம் அழகாகத் தோன்றும். வற்றிய கிணற்றை 'அடிமட்டத்துக்கும் கீழே' என்று குறித்துத் தனியே கணக்கிட வேண்டும். 2002இல் ஏவப்பட்ட கிரேஸ் செயற்கைக்கோள் இணையின் தரவைச் சிலர் வட்டத்துக்கும் பிர்காவுக்கும் பயன்படுத்துகிறார்கள். பல நூறு கிலோமீட்டர் பரப்பின் ஈர்ப்பு மாற்றத்தை உணரும் கருவியிடம் அவிநாசிக்கும் அன்னூருக்கும் உள்ள வேறுபாட்டைக் கேட்பது நியாயமில்லை.

கிணற்றடியில்

முதல் நாள் அளவு எடுக்காமல் பேசிவிட்டு மட்டும் வருவது நல்லது. கையில் அளவிப் பட்டையும் ஏடுமாக ஒருவர் கிணற்று மேட்டில் நின்றால், தோட்டத்துக்காரரின் முதல் கேள்வி பெரும்பாலும், "எந்த ஆபீஸ்ங்க? மோட்டாருக்கு மீட்டர் போடவா வந்தீங்க?" என்பதாகத்தான் இருக்கும். கல்லூரி அடையாள அட்டையும் நெறியாளர் கையொப்பமிட்ட தமிழ்க் கடிதமும் இருக்கட்டும். அடுத்த கேள்வி, "எங்க போர் போட்டாத் தண்ணி வருமுன்னு மட்டும் சொல்லிப்போட்டுப் போங்க சார்" என்பது. அதற்கு ஒருபோதும் இடம் காட்டிவிடக் கூடாது. லட்சக்கணக்கில் செலவழித்துப் புகை மட்டும் வந்தால், அந்த ஊரில் அதன்பின் எந்தக் கிணறும் ஆய்வுக்குத் திறக்காது.

நீர்மட்டம் அளப்பதற்கு நேரம் பார்க்க வேண்டும். மோட்டார் ஓடும்போதோ நிறுத்திய அரை மணியிலோ அளப்பது கிணற்றின் நிலை மட்டம் ஆகாது. தோட்டத்துக்கு மும்முனை மின்சாரம் வரும் நேரத்தை ஊரில் கேட்டறிந்து, அது நின்று பல மணி நேரம் கழிந்தபின், பெரும்பாலும் மறுநாள் மின்சாரம் வருவதற்கு முந்தைய வேளையில் போய்ச் சேர வேண்டும். ஒவ்வொரு கிணற்றிலும் அளக்கும் புள்ளி ஒன்றைச் சுவரில் வண்ணத்தால் குறித்து, அப்புள்ளி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதை முதல் நாளே எழுதிவிட வேண்டும். பின்னால் சுவர் பூசி உயர்த்திவிட்டாலும் கணக்குக் கெடாது. ஓடும் ஆழ்துளைக் கிணற்றில் அளவிப் பட்டையை இறக்குவதில் ஆபத்து உண்டு: கேசிங்குக்கும் நீரேற்றுக் குழாய்க்கும் இடையே மோட்டாரின் வயரும் கயிறும் சுற்றிக் கிடக்க, பட்டை அதில் சிக்கினால் மேலே வராது. மோட்டாரைத் தூக்கும்போது கூடவே ஓர் ஒல்லிக் குழாயைக் கட்டி இறக்கச் சம்மதிக்கும் தோட்டக்காரர் கிடைத்தால் பாக்கியம். இல்லையேல் கைவிட்ட போர்களையும் வெட்டுக்கிணறுகளையும் நம்ப வேண்டும். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகள் இங்கு ஏராளம். தனியாகப் போகக் கூடாது; உள்ளே இறங்கவே கூடாது.

ஊரில் புது போர் ஓட்டுகிறார்கள் என்று தெரிந்தால் மற்ற வேலையை ஒதுக்கிவிட்டுப் போய் நிற்க வேண்டும். நாடெங்கும் ஓடும் ரிக் வண்டிகளுக்குப் பேர்போன திருச்செங்கோட்டு ஓட்டுநர்களுக்குப் பாறையைப் பற்றி உள்ள அறிவு, எந்தப் புவி இயற்பியல் வரைபடத்துக்கும் குறைந்ததன்று. ஒவ்வொரு ராடு இறங்கியதும் வெளியே கொட்டும் தூளை ஒரு கைப்பிடி எடுத்து, ஆழம் எழுதிய பையில் போட்டுக்கொண்டே வந்தால், மக்கிய பாறை எங்கே முடிந்தது, எந்த அடியில் தூள் நிறம் மாறியது, எங்கே ஈரம் தட்டியது என்ற முழு வரலாறு கிடைத்துவிடும். தண்ணீர் விழுந்ததும் "ரெண்டு இன்ச்சு தண்ணிங்க" என்பார்கள். இது முக்கோண வெட்டுப் பலகையின்மேல் வழியும் நீரின் உயரம். செங்கோண வெட்டில் ஒரு இன்ச் என்பது நிமிடத்துக்கு ஏறக்குறைய 8.5 லிட்டர், இரண்டு இன்ச் என்பது 48 லிட்டர். அதாவது உயரம் இரட்டித்தால் நீர் ஐந்தரை மடங்குக்கும் மேல் ஆகிறது. பலகை வைக்காமல் கண்ணால் சொல்லும் இன்ச்சுகளும் உண்டாதலால், ஒரு வாளியும் கடிகாரமும் கொண்டு சரிபார்த்தபின்தான் ஏட்டில் எழுத வேண்டும்.

மின்தடை அளவீட்டைப் பற்றி ஒரு சொல். நான்கு கம்பிகளை ஊன்றி ஆழத்தின் மின்தடையை அறியும் முறை கெட்டிப் பாறையில் நன்கு உதவும்: மக்கிய ஈரப்பகுதியில் தடை குறைவு, கரும்பாறையில் ஆயிரம் ஓம் மீட்டரையும் தாண்டும். ஆனால் சாயக்கழிவு இறங்கிய நொய்யல் கரையில் உப்புநீரும் தடையைக் குறைக்கும். அங்கே குறைந்த தடை என்பதை நல்ல நீர் என்று வாசித்தால் தவறாகிவிடும். பக்கத்துக் கிணற்றின் மின்கடத்துதிறனை அளந்து வைத்துக்கொண்டுதான் வரைபடத்தைப் படிக்க வேண்டும்.

மோட்டாரை ஓட்டி நீர்மட்டம் இறங்குவதை அளக்கும் இறைப்புச் சோதனையில் கொங்கு நாட்டுக்கே உரிய இடர் வெட்டுக்கிணற்றின் அகலம். 10 மீட்டருக்கு 10 மீட்டர் சதுரக் கிணறு ஒன்றில் நீர் ஒரு மீட்டர் இறங்கினால் அது 100 கன மீட்டர். நொடிக்கு 5 லிட்டர் இறைக்கும் மோட்டார் ஐந்து மணி நேரத்தில் எடுப்பது 90 கன மீட்டர். ஆக, அந்த ஐந்து மணி நேரமும் இறைத்தது பெரும்பாலும் கிணற்றுக்குள் ஏற்கெனவே தேங்கி நின்ற நீர். பாறையிலிருந்து வந்தது மிகக் குறைவு. இந்த இறக்கத்தைக் கணிக்கத் தைஸ் 1935இல் கொடுத்த சூத்திரம் மெல்லிய கிணற்றுக்கு உரியது. அகன்ற கிணற்றின் தேக்கத்தைக் கணக்கில் கொள்ளும் பாப்பாடோபுலோஸ்–கூப்பர் முறை 1967 முதல் இருக்கிறது; அதையே எடுக்க வேண்டும். மோட்டாரை நிறுத்தியபின் கிணறு ஊறிவரும் வேகத்தைப் பொறுமையாக விடிய விடிய அளப்பது இறைப்பளவைவிடப் பயன் தரும். அந்த ஊறல் முழுக்கப் பாறையின் கொடை.

நீர் மாதிரி எடுக்கும்போது மோட்டாரைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு, மின்கடத்துதிறன் அளவு நிலைத்தபின், அதே நீரால் புட்டியை அலசி, காற்றுக்குமிழ் இல்லாமல் நிரப்ப வேண்டும். கார அமிலநிலை (pH), வெப்பநிலை, காரத்தன்மை ஆகியவற்றைக் களத்திலேயே பார்த்துவிட வேண்டும். உலோகங்களுக்கான புட்டியில் நைட்ரிக் அமிலம் சில துளிகள் சேர்த்துத் தனியே வைக்க வேண்டும். முடிவு வந்ததும் நேர் அயனிகளும் எதிர் அயனிகளும் ஒன்றையொன்று ஈடுகட்டுகின்றனவா என்று பார்ப்பது முதல் வேலை. வேறுபாடு 5 விழுக்காட்டைத் தாண்டினால் விளக்கம் தேடும் முன் ஆய்வகத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

கணக்கும் கணினியும்

மழைநீரில் எவ்வளவு நிலத்துக்குள் இறங்குகிறது என்பதை அறியக் குளோரைடு முறை எளிமையானது. மழையில் உள்ள குளோரைடைக் கிணற்று நீரின் குளோரைடால் வகுத்து, மழையளவால் பெருக்கினால் போதும். எளிமையாக இருப்பதாலேயே தவறாகவும் அதிகம் பயன்படுகிறது. பொள்ளாச்சித் தென்னந்தோப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். காய்க்கும் மரத்துக்கு ஆண்டுக்கு 2 கிலோ பொட்டாஷ் என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. அந்த உரம் பொட்டாசியம் குளோரைடு. இரண்டு கிலோவில் சுமார் 0.9 கிலோ குளோரைடு. ஏக்கருக்கு 70 மரம் என்றால் 63 கிலோ. அதே ஏக்கரில் 650 மி.மீ. மழை, லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரைடோடு பெய்தால் கொண்டுவருவது 5 கிலோ சொச்சம். உரம் பன்னிரண்டு மடங்கு போடும் இடத்தில் மழையின் கணக்கை எழுதுவது வீண். மேய்ச்சல் காடு, கொறங்காடு போன்ற உரமிடாத நிலத்துக் கிணறுகளில் மட்டும் இம்முறையைக் கையாண்டு, மற்ற இடங்களில் நீர்மட்ட ஏற்ற முறையையோ ஐசோடோப்புகளையோ நாடுவது அறிவு.

நிலத்தடி நீரோட்டத்தைக் கணினியில் கணிக்கும் மாட்ஃப்ளோ போன்ற மென்பொருள்களை இரண்டாம் ஆண்டின் இறுதிக்கு முன் தொடாமல் இருப்பது நல்லது. இலவசமாகக் கிடைப்பவை, கற்பதும் கடினமில்லை. கையில் தரவு இல்லாதபோதும் அவை விடை தந்துவிடும் என்பதுதான் சிக்கல். விரிசல் பாறையைச் சீரான நுண்துளை ஊடகமாகக் கொள்ளும் கணினி மாதிரி, ஒரு வட்டம் முழுவதற்கும் ஓரளவு பொருந்தலாம். இரண்டு கிணறுகளுக்கிடையே என்ன நடக்கிறது என்பதை அது சொல்லாது. அளந்ததில் ஒரு பகுதியைக் கணினி மாதிரிக்குக் காட்டாமல் ஒதுக்கி வைத்து, கடைசியில் அதைக்கொண்டு சோதித்துப் பார்ப்பவரின் ஆய்வேட்டை மதிப்பீட்டாளர்கள் வேறு விதமாகப் படிப்பார்கள்.

முடிவைத் திருப்பிக் கொடுப்பது

மாதிரி எடுத்த ஒவ்வொரு தோட்டத்துக்கும் முடிவைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். குடிநீராகப் பயன்படும் கிணற்றில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமையோ, நைட்ரேட் 45 மில்லிகிராமையோ தாண்டினால், ஆய்வேடு முடியும்வரை காத்திராமல் அந்த வாரமே சொல்லிவிட வேண்டும். கொதிக்க வைப்பதால் இவை இரண்டும் போகாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பக்கத்துத் தோட்டத்தின் முடிவை இவரிடம் சொல்வது முறையன்று. நிலம் விற்பனைக்கு வரும்போது அந்தத் தாள் ஒரு விலையாக மாறிவிடும் ஊர்கள் இவை. கட்டுரையில் வெளியிடும் வரைபடத்திலும் கிணற்றின் துல்லிய இருப்பிடத்தைத் தவிர்த்து, குறியீட்டு எண்ணால் மட்டும் காட்டுவது போதும். முழுத் தரவையும், அளவுப் புள்ளியின் உயரம், அளந்த நேரம், மின்சாரம் நின்று எத்தனை மணி ஆயிற்று என்ற குறிப்பு உட்பட, ஆய்வுச் சுருக்கம் கொடுக்கும் முன்பே துறையில் ஒப்படைத்துவிட்டால், அதே கிணறுகளை அளக்க வரும் அடுத்த மாணவர் முதல் ஆண்டிலேயே வேலையைத் தொடங்கலாம்.